மருந்தை நிறுத்தினால் திரும்பி வரும் இருமல்: நாயின் நுரையீரலுக்குள் ஒரு புல் விதை

பொங்கல் முடிந்த வாரம் அது. பெரும்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடிக் காலி மனையில், மழைக்கு இடுப்பளவு வளர்ந்த புல் காய்ந்து பழுப்பேறி நின்றது. எங்கள் நாட்டு நாய் செவலைக்கு அப்போது மூன்று வயது. ஓர் ஓணானைத் துரத்திக்கொண்டு வாயைத் திறந்தபடி அந்தப் புல்லுக்குள் பாய்ந்தாள். வெளியே வந்ததும் கழுத்தை நீட்டிக்கொண்டு விடாமல் இருமினாள். தொண்டையில் மாட்டியதைக் கக்கப் பார்ப்பதுபோல இருந்தது. பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. தண்ணீர் குடித்தாள், வாலை ஆட்டினாள், வீட்டுக்கு வந்து சோறும் தின்றாள். நாங்களும் மறந்துபோனோம்.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், ஈர இருமல். பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்ததும் நன்றாகிவிட்டாள். நிறுத்திய எட்டாம் நாள் மறுபடி இருமல். இப்படியே மூன்று முறை. தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். “ஏசி காத்து ஒத்துக்கல”, “மார்கழிப் பனி இறங்கியிருக்கு”, “நாய்க்கும் ஆஸ்துமா வரும்ங்க”, “சளி கட்டியிருக்கு, கற்பூரவள்ளி அரைச்சுக் குடுங்க.” கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: உள்ளே ஒரு புல் விதை.

‘புல்லை மூச்சில் இழுத்துக்கிச்சு’ என்று சொன்னால் பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தும்மினால் வந்துவிடும், உள்ளே போனாலும் கரைந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்பதை, எனக்குப் புரிந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒட்டுப்புல்லும் கேபிள் டையும்

புல்வெளியில் நடந்து வந்தால் வேட்டி, புடவை ஓரமெல்லாம் ஒட்டுப்புல் ஏறியிருக்கும். தட்டினால் விழாது, ஒவ்வொன்றாகப் பிடுங்கத்தான் வேண்டும். பசை ஏதும் அதில் இல்லை. விதையின் முனையிலும் அதிலிருந்து நீளும் முடி போன்ற பகுதியிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத முட்கள் இருக்கின்றன. நெற்கதிரிலும் கம்பங்கதிரிலும் இருக்கும் இந்த முடியைச் சுணை என்போம். இந்தக் கட்டுரையிலும் அதே சொல்தான்.

சுணையில் உள்ள முட்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். எலக்ட்ரீஷியன் ஒயரைக் கட்டும் கேபிள் டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் சரசரவென்று போகும், திரும்பி வராது. கதிரைச் சட்டைக் கைக்குள் சொருகிக்கொண்டு கையை ஆட்டினால், அது தானாகத் தோள் வரை ஏறிவிடும். கதிருக்குக் கால் கிடையாது. நம் கை அசைவதுதான் அதை நகர்த்துகிறது. பின்னால் போக முட்கள் விடாததால், எந்த அசைவு வந்தாலும் அது முன்னால்தான் போகும்.

புல்லுக்கு இந்த ஏற்பாடு எதற்கு? விதை மண்ணுக்குள் இறங்குவதற்கு. ஊசிப்புல் என்று சொல்லும் வகையில் சுணை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். அந்தத் திருகலில் விதை மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் போக ஆன கருவி நாயின் மூக்குக்குள்ளோ மூச்சுக்குழலுக்குள்ளோ போய்விட்டால், அங்கேயும் அதே வேலையைத்தான் பார்க்கும்.

மூச்சுப் பாதையைச் சுத்தம் செய்யும் எஸ்கலேட்டர்

தூசி நம் மூச்சிலும் தினமும் போகிறது, நாயின் மூச்சிலும் போகிறது. வேளச்சேரி சாலையில் ஒரு மணி நேரம் நின்றாலே தெரியும். ஆனாலும் நுரையீரல் அடைத்துக்கொள்வதில்லை. மூச்சுக்குழலின் உள்சுவரில் மெல்லிய சளிப் படலம் இருக்கிறது, தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். சளிக்கு அடியில் கோடிக்கணக்கான நுண்ணிழைகள் ஓயாமல் அசைந்து, அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மெட்ரோ ஸ்டேஷனில் மேலே போகும் எஸ்கலேட்டர் மாதிரி. தொண்டைக்கு வந்ததும் விழுங்கிவிடுகிறோம். பெரிதாக ஏதாவது வந்துவிட்டால் இருமலும் தும்மலும் ஒரே வீச்சில் வெளியே தள்ளும்.

வழுவழுப்பான பொருளுக்கு இது போதும். சுணைக்குப் போதாது. எஸ்கலேட்டர் மேலே தள்ளும்போது முட்கள் சுவரைக் கவ்விக்கொள்கின்றன. இருமும்போதும் அதேதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது குழல் சற்று விரிகிறது, பிடி தளர்கிறது, காற்றும் அதே திசையில் போகிறது. விதை ஒரு நூல் அளவு உள்ளே நகரும். மூச்சை விடும்போது குழல் சுருங்கும், ஆனால் முட்கள் பின்னால் போக விடாது. நிமிடத்துக்கு 20 மூச்சு என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 28,800 முறை. நாய் ஓடினால், வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால், இன்னும் பல மடங்கு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விதை ஒரு பக்கம் மட்டுமே நகரக்கூடியது. உடம்பின் சாதாரணச் சுத்திகரிப்பால் அதை வெளியேற்ற முடிவதில்லை. நாய் விடும் மூச்சே அதை உள்ளே கொண்டுபோகிறது.

எங்கே போய் நிற்கும்?

மூக்கிலேயே நின்றுவிட்டால் அதிர்ஷ்டம் என்று சொல்வேன். அறிகுறி பளிச்சென்று தெரியும். புல்லை முகர்ந்த அந்த நொடியே வரிசையாகத் தும்மல், முன்னங்காலால் மூக்கைத் தேய்ப்பது, ஒரு துவாரத்தில் மட்டும் சளி அல்லது ரத்தம். ‘ஒரு பக்கம் மட்டும்’ என்பதைக் கவனியுங்கள். பொதுவாகப் பிடிக்கும் சளி இரண்டு துவாரத்திலும் ஒழுகும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஓரிரு நாளில் விதையைச் சுற்றிச் சளி மூடிக்கொள்ளும், தும்மல் குறையும். ‘சரியாயிடுச்சு’ என்று நாம் விட்டுவிடுகிற இடம் அதுதான்.

வாயைத் திறந்துகொண்டு ஓடும் நாய்க்கு விதை மூக்கைத் தாண்டி நேரே தொண்டைக்குள் போகும், அங்கிருந்து மூச்சுக்குழலுக்குள். மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டு கிளையாகப் பிரிகிறது. வலது கிளை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் இறங்குவதால், உள்ளே விழும் பொருள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகும். நுரையீரல் ஒரே பை கிடையாது. பல மடல்களாகப் பிரிந்திருக்கும், நாய்க்கு வலப்புறம் மட்டும் நான்கு. வலப்புறப் பின்மடலிலும் அதையொட்டிய சிறு மடலிலும் புல் விதை அதிகம் சிக்குகிறது. செவலைக்கும் அதே பின்மடல்தான்.

அங்கேயும் நிற்காமல் போகிற விதை உண்டு. நுரையீரலைத் துளைத்து வெளியே வந்தால், நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் உள்ள இடத்தில் சீழ் சேரும். அங்கே காற்றும் கசியலாம். இன்னும் தள்ளிப்போய் உதரவிதானத்தின் வழியாக இடுப்புப் பக்கம் சேர்ந்து, முதுகெலும்பை ஒட்டிச் சீழ்க்கட்டி வைத்த நாய்களும் உண்டு. நெஞ்சில் தொடங்கிய கதை, மாதங்கள் கழித்து இடுப்பில் ஒரு வீக்கமாக வந்து நிற்கும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று வீட்டில் யாருக்குத்தான் தோன்றும்?

மருந்தில் அடங்குகிறது, நிறுத்தினால் எழும்புகிறது. ஏன்?

இதைத்தான் நான் மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். ‘ஆன்டிபயாடிக் கேட்குதே, அப்போ இது கிருமித் தொற்றுதானே, புல் எங்கே வந்தது?’ என்று டாக்டரிடமே கேட்டேன். அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். “சின்ன வயசுல கால்ல வேலிகாத்தான் முள்ளு ஏறியிருக்காம்மா?”

ஏறியிருக்கிறது. முனை ஒடிந்து உள்ளேயே தங்கினால் என்ன ஆகும்? வீங்கும், சீழ் பிடிக்கும். களிம்பு போட்டால் வற்றும், மேலே தோல் மூடும். பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி வீங்கும். யாராவது ஊசியால் கிளறி அந்த முனையை எடுத்துவிட்டால் இரண்டே நாளில் ஆறிவிடும். களிம்பு வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சீழுக்கு அது வேலை செய்தது. முள்ளுக்கு அது எதுவும் செய்யாது.

புல் விதை உள்ளே போகும்போது மண்ணிலும் நாயின் வாயிலும் இருக்கும் கிருமிகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. அவை திசுவில் பரவினால் காய்ச்சலும் சளியும் வரும். ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஏறி, ரத்தம் போகிற இடமெல்லாம் போய் அவற்றைக் கொல்லும். விதைக்குள் ரத்தம் ஓடாது. அதன் இடுக்குகளிலும் பரப்பிலும் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பாசி மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்ட கிருமிகளை மருந்து சரியாக எட்டுவதில்லை. மருந்து இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். நின்றதும் மறுபடி பரவும்.

விதை தானாகக் கரையாதா? கரையாது. புல்லின் உடம்பு செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளால் ஆனது. அதைக் கரைக்கும் நொதி நாயின் உடம்பில் இல்லை. நமக்கும் இல்லை. மாட்டின் வயிற்றில்கூட நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. கரைக்க முடியாத பொருளைச் சுற்றி உடம்பு ஒரு தடித்த சுவர் எழுப்பப் பார்க்கும். அந்தச் சுவர் மருந்து உள்ளே போவதை இன்னும் கடினமாக்கும்.

செவலையின் மூச்சுக்கிளையிலிருந்து எடுத்த விதையை டாக்டர் ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சுண்டுவிரல் கணு நீளம், காப்பிப் பொடி நிறம். ஏறக்குறைய மூன்று மாதம் உள்ளே கிடந்திருக்கிறது, அழுகவே இல்லை. முனை ஊசி மாதிரி அப்படியே இருந்தது. கூர்முனையிலிருந்து வால் பக்கமாக விரலால் தடவினேன், வழவழவென்று இருந்தது. வாலிலிருந்து முனைப் பக்கம் தடவினேன், தோலைப் பிடித்து இழுத்தது. டாக்டர் சொன்ன எல்லாம் அந்த ஒரு தடவலில் புரிந்தது.

ஆகவே, மருந்தில் குணமாகி, நிறுத்தியதும் அதே மாதிரி திரும்புகிறது என்றால் அந்தத் திரும்பி வருதலே ஓர் அறிகுறி. ‘இன்னும் பவர்ஃபுல் மருந்து வேணும்’ என்று யோசிப்பதற்கு முன், ‘உள்ளே ஏதாவது தங்கியிருக்கா?’ என்று கேட்க வேண்டும்.

ஸ்டீராய்டு பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரை, பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்தது என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். வீக்கம் குறைந்து ஓரிரு நாள் மூச்சு லேசாகும். ஆனால் கிருமியை எதிர்க்கும் சக்தியையும் அது குறைத்துவிடும், சீழ் பெருகும். மனிதர்களுக்கான காய்ச்சல், வலி மாத்திரைகளும் வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்களே?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், விழுங்கிய காசு தெரியும். அவை எக்ஸ்ரே கதிரைத் தடுப்பவை. புல்லோ, சளியில் ஊறிய பிறகு சுற்றியுள்ள திசு மாதிரியே கதிரை விட்டுவிடும். தண்ணீர்க் குடத்தில் ஊறிய வைக்கோலுக்கு நிழல் விழாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதையால் வந்த சேதம் தெரியலாம்: ஒரு மடல் மட்டும் வெளுத்திருப்பது, நெஞ்சில் நீர் நிற்பது. ஒவ்வொரு முறையும் அதே மடலில் நிமோனியா என்றால் அது பெரிய துப்பு. ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் புல் இல்லை என்று ஆகிவிடாது.

சிடி ஸ்கேன் இதைவிட நுணுக்கமானது. அதிலும் விதையே தெரியாமல் அது போன தடம் மட்டும் தெரிவதுண்டு. எங்கே தேட வேண்டும் என்று சொல்ல அதுவே போதும்.

எப்படி எடுக்கிறார்கள்?

நாயை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். மூக்கு வழியாகப் பார்த்தால் ரைனோஸ்கோப்பி, மூச்சுக்குழலுக்குள் பார்த்தால் பிராங்கோஸ்கோப்பி. குழாயோடு போகும் குட்டி இடுக்கியால் விதையைப் பிடித்து இழுக்கிறார்கள். கூடவே அங்கிருக்கும் சளியை எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பரிசோதனைக்கு அனுப்புவார்கள். விதையை எடுத்தபின் கொடுக்கும் ஆன்டிபயாடிக்தான் வேலையை முடிக்கும்.

கேமரா எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டால் அறுவை சிகிச்சை. கெட்டுப்போன மடலையே எடுக்க வேண்டி வரலாம். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் ஒரு மடல் போனாலும் மற்றவற்றை வைத்து நன்றாக ஓடியாடி வாழும் நாய்கள் உண்டு. நெஞ்சில் சீழ் சேர்ந்திருந்தால் அதையும் குழாய் வைத்து வடிக்க வேண்டும். எல்லாக் கிளினிக்கிலும் இந்த வசதி இருக்காது. உங்கள் டாக்டரிடமே “எண்டோஸ்கோப்பி இருக்கிற இடத்துக்கு எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேளுங்கள். சென்னையில் தனியார் மருத்துவமனைகள் தவிர, 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் மேல்சிகிச்சைக்காகப் பலர் போகும் இடம்.

எல்லா இருமலும் புல் இல்லை

இதைப் படித்துவிட்டு இருமுகிற ஒவ்வொரு நாய்க்கும் கேமரா விட வேண்டும் என்று யாரும் நினைக்கக் கூடாது. நாய் விடுதியில் இருந்து வந்ததும் தொடங்கும் வறட்டு இருமல் பெரும்பாலும் தொற்று. வயதான சின்ன நாய் ராத்திரியில் இருமினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்குக் குறட்டையும் மூச்சுத் திணறலும் பிறவியிலேயே உண்டு. மூக்கில் ரத்தம் வந்தால் சென்னையில் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். சில நாய்கள் திடீரென்று நின்று, கழுத்தை நீட்டி, ‘கர்ர் கர்ர்’ என்று மூச்சை உள்ளே இழுக்கும். அது தலைகீழ்த் தும்மல். அரை நிமிடத்தில் நின்றுவிட்டு எப்போதாவது வந்தால் பயமில்லை.

புல்லைச் சந்தேகப்படவைப்பது மூன்றும் சேர்ந்து வரும்போது: புல்லில் ஓடியபின் திடீரென்று தொடங்கியது, நடுவில் சில நாள் சரியானதுபோல இருந்தது, மருந்தை நிறுத்தியதும் அதே இடத்தில் திரும்பியது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

இந்த நோயில் எந்த ஸ்கேனையும்விட உபயோகமானது வீட்டுக்காரர் சொல்லும் கதை. அந்தப் பத்து நிமிட இருமலை நான் முதல் முறையே சொல்லியிருந்தால் செவலை மூன்று மாதம் கஷ்டப்பட்டிருக்க மாட்டாள். சொல்லத் தோன்றவே இல்லை. முதல் இருமல் எந்தத் தேதி, எந்த இடத்தில், எந்தத் துவாரத்தில் ஒழுகியது, என்ன மருந்து எத்தனை நாள், நிறுத்தி எத்தனையாவது நாள் திரும்பியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இருமுவதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் மேஜையில் ஏற்றியதும் பல நாய்கள் இருமவே இருமாது.

தூங்கும்போது மூச்சை எண்ணப் பழகுங்கள். நன்றாக அயர்ந்தபின், ஃபேனுக்கு அடியில், நெஞ்சு ஏறி இறங்குவது ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியே நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈறு நீலம் பாரித்தாலோ, முழங்கையை அகற்றி, கழுத்தை நீட்டி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாலோ எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆட்டோ பிடியுங்கள். வழியில் வாயைத் திறந்து தண்ணீரோ தேனோ ஊற்றாதீர்கள், அதுவும் நுரையீரலுக்குள்தான் போகும்.

நடை முடிந்ததும்

வடகிழக்குப் பருவமழைக்கு முளைக்கும் புல், தை மாசியில் காய்ந்து விதை உதிர்க்கும். பச்சைப் புல்லில் பயம் குறைவு. பழுப்பு நிறத்தில், தொட்டாலே உதிர்கிற பருவம்தான் ஆபத்து. அந்த நாட்களில் காலி மனைகளுக்குள் பந்தை எறியாதீர்கள், பந்தோடு சேர்த்து ஒரு வாய் விதையையும் கவ்விக்கொண்டு வரும். காய்ந்த புல் ஓரமாகப் போகும்போது கயிறைக் கையில் வைத்திருங்கள்.

இப்போது செவலையோடு திரும்பி வந்ததும் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். முதலில் மூக்குத் துவாரம், பிறகு உதட்டின் உள்பக்கம், காது, அக்குள், கடைசியில் கால்விரல் இடுக்கு. விரல் இடுக்கில் ஏறும் விதையும் இதே மாதிரி காலுக்குள் பயணம் போகும் என்பதால் அங்கே கொஞ்சம் அதிக நேரம். போன வாரம் அவளுடைய மீசை முடியில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, மூக்கிலிருந்து அரை அங்குலம் தள்ளி. பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவள் அடுத்த காலைத் தானாகவே தூக்கிக் கொடுத்தாள்.